ஐப்பசியில ஆலை ஓடாது

எங்க மொதலாளி அந்த எடத்தைத் துறைமுகம்னுதான் சொல்லுவாரு. உறையூர் தாண்டி மேற்கால, காவேரிக் கரையில கொஞ்சம் கல்படி, ஒரு மருத மரம், பரிசலைக் கவுத்துப் போட்டுக் காயவைக்க ஒரு மணல் திட்டு. அவ்வளவுதான் துறைமுகம். தண்ணி ஓடுற காலத்துல முசிறி, குளித்தலைப் பக்கத்துலேருந்து வெறகும் மூங்கிலும் அங்க வந்து எறங்கும். அவங்க அத்தா காலத்துலேருந்து அந்த நெலம் அவங்க குடும்பத்துது. நான் முதல் தடவ பாத்தப்ப, கப்பல் எப்பங்க வரும்னு கேட்டுட்டேன். வேலைக்குச் சேந்த புதுசு வேற. அவரு கோவிச்சுக்கல. "நீ ஆலையைக் கட்டு தம்பி, கப்பலை நான் வரவைக்கிறேன்"னாரு.

ஆலைப் பேச்சை ஆரம்பிச்சுவச்சதே நான்தான். அப்பதான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடிச்சுச் சுடச்சுட வெளியில வந்திருந்தேன். பெரிய கடைவீதிக்குப் பின்னால அவரோட வெறகு டிப்போ, கரி டிப்போ. இங்கிலீஷ்ல கடுதாசி அடிக்க ஒரு ஆள் வேணும்னாரு, எனக்கு டைப்ரைட்டர்ல விரல் பறக்கும், உக்காந்துட்டேன். நாளைக்கு ரெண்டு கடுதாசி வந்தாலே ஜாஸ்தி. மிச்ச நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியில பாக்கறதுதான் வேலை. அங்க நிலக்கரித் தூள் குன்னு மாதிரி கெடக்கும். ரயில்லேருந்து எறக்கும்போது ஒடைஞ்சு சேந்த தூள். பாதி கரி, பாதி கல்லு. அரியமங்கலத்துப் பட்டறைக்காரங்க வந்தா கட்டியா இருக்கறத மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. தூளை ஒலையில போட்டா எரியறதுக்குப் பதிலா உருகிக் கெட்டியா கிட்டம் கட்டிக்கும், யாரு வாங்குவா?

ஒரு நாள் வாய் சும்மா இருக்காம சொல்லிட்டேன். இந்தத் தூளைத் தண்ணியில கழுவிக் கல்லைப் பிரிச்சு, மிச்சத்தை உருண்டை புடிச்சுக் காயவச்சா, கட்டிக் கரியைவிட நல்லா எரியும், செங்கல் சூளைக்காரன் க்யூவுல நிப்பான்னு. புஸ்தகத்துல படிச்சதுதான். ஆனா சொன்ன விதம் என்னவோ நானே நாலு ஆலை கட்டினவன் மாதிரி. மொதலாளி கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே கேட்டாரு. கேட்டு முடிச்சுட்டு ஒரே வார்த்தை: "செய்."

செய்னு சொல்றது அவருக்கு ஈஸி. எங்க வீட்ல வேற ஒரு ஏற்பாடு நடந்துக்கிட்டிருந்துச்சு. எங்கப்பா ஒரு ஆபீஸ்ல ஹெட் கிளார்க். அவரு சிநேகிதர் ஆபீஸ்ல எனக்கு ஒரு கிளார்க் வேலை சொல்லி வச்சிருந்தாரு. பென்ஷன் உண்டு, ஃபேன் உண்டு, வெத்தலை போட்டுக்க டைம் உண்டு. எனக்கு அந்த ஃபேனுக்குக் கீழ முப்பது வருஷம் உக்காந்திருக்கறத நெனச்சாலே மூச்சு முட்டிச்சு. முடியாதுப்பான்னேன். அவரு கத்தல. ஆடிப்பெருக்கு வரைக்கும் டைம் தரேன், அதுக்குள்ள உன் ஆலைக்கு சர்க்கார் அனுமதி வாங்கு, வாங்கலன்னா மறு வாரம் வேலையில சேரணும்னுட்டாரு. நானும் சரின்னேன். அப்ப பங்குனி. ஆடி எங்கேயோ இருந்துச்சு.

கரியை எப்படிக் கழுவறதுங்கறதுக்குப் புஸ்தகத்துல இருந்த படத்துல மோட்டாரு, பம்பு, சல்லடைன்னு ஒரு பெரிய ஊரே இருந்துச்சு. நமக்கு அதெல்லாம் எங்க? ஒரு காலையில எங்கக்கா அரிசி அரிச்சுக்கிட்டு இருந்தா. ரெண்டு பாத்திரம் வச்சு, தண்ணியோட ஆட்டி ஆட்டி, அரிசி மட்டும் இதுலேருந்து அதுக்கு வழிஞ்சு போகும், கல்லு அடியில நின்னுடும். அன்னாடம் பாக்கறதுதான். அன்னைக்குத்தான் படத்துல இருந்த மொத்த மெஷினும் அந்த ரெண்டு பாத்திரத்துல எனக்குத் தெரிஞ்சுச்சு. கரி லேசு, கல்லு கனம். தண்ணியை ஆட்டினா கரி வழியும், கல்லு நிக்கும். அக்கா அந்தப் பக்கம் போன ஒடனே டிப்போவுலேருந்து பையில கொண்டுவந்திருந்த தூளை அவ ஈயம் பூசின பாத்திரத்துல போட்டு அரிச்சுப் பாத்தேன். பிரமாதமா பிரிஞ்சுச்சு. அக்கா திரும்பி வந்தா.

"டேய், பி.எஸ்ஸி. படிச்சது கரிச்சோறு ஆக்கவாடா?"

அந்தப் பாத்திரத்தை அப்புறம் புளி போட்டுத் தேச்சும் அவ அடுப்படிக்குள்ள விடல. நான் அதையே டிப்போவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். மொதலாளி முன்னால அரிச்சுக் காட்டினேன். அவரு கல்லைத் தனியா அள்ளிக் கையில வச்சு எடை பாத்தாரு, கரியை மோந்து பாத்தாரு. உருண்டை புடிக்க என்ன போடுவேன்னாரு. உறையூர்த் தறிக்காரங்க பாவு நூலுக்குப் போடுற கஞ்சி இருக்கேன்னேன். நூலை வெறைப்பாக்குற கஞ்சி, தூளை ஒட்டாதா என்ன? எங்க தெருவுல அது மீந்து சாக்கடையிலதான் போகுது. அவரு சிரிச்சாரு. அன்னைக்கே திட்டம் போட உக்காந்தோம்.

திட்டம் சிம்பிள். தூள் வண்டியில துறைக்குப் போகும். தொட்டியில கழுவுவோம். மணல் திட்டுல உருண்டைகளைக் காயவைப்போம். காஞ்சது பரிசல்ல, படகுல ஏறித் தண்ணி போக்குலயே கல்லணை வரைக்கும் கரையோரச் சூளைங்களுக்குப் போயிடும். சூளை பத்தவைக்கறது தை, மாசியில. ஆத்துல தண்ணி இருக்கறது ஆனியிலேருந்து தை வரைக்கும். தண்ணி இருக்கும்போதே சரக்கைக் கொண்டு சேத்துடலாம். கழுவின கருப்புத் தண்ணியைக் காவேரியிலயே விட்டுடலாம், அது பாட்டுக்குப் போயிடும்னு எழுதினேன்.

அங்கதான் மொதலாளி நிறுத்தினாரு. "கோயிலுக்கு எந்தத் தண்ணி போகுதுன்னு பாத்துட்டியா? அவங்க தண்ணியில நம்ம கரி படக்கூடாது, தம்பி. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்."

நான் யாரு, சயின்ஸ் படிச்சவன். யாரையும் கேக்கல, நேர்ல பாத்து முடிவு பண்றேன்னு கெளம்பிட்டேன். விடியக்காலையில சைக்கிள எடுத்துக்கிட்டு, பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போவேன். பங்குனியிலயும் பாத்தேன், சித்திரையிலயும் பாத்தேன். தீர்த்தம் எடுக்குறவங்க ஒவ்வொரு தடவையும் வடக்கால கொள்ளிடத்துக்குத்தான் போனாங்க, வெள்ளிக் குடத்துல எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. தெக்கால காவேரிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு நாள் மொதலாளியையும் கூட்டிட்டுப் போய்த் தூரத்துலேருந்து காட்டினேன். அவரும் பாத்துட்டு அல்ஹம்துலில்லான்னாரு. கோயில் தண்ணி கொள்ளிடம், நம்ம தண்ணி காவேரி, பிரச்சினையே இல்லன்னு ஒரு பாரா தனியா டைப் அடிச்சேன். அந்தப் பாராவுக்கு அடியில கோடு வேற போட்டேன்.

திட்டத்தோட மனுப் போட்டோம். வைகாசியில விசாரணை. ஒரு அதிகாரி, ஒரு மேஜை, எதுத்தாப்புல நாங்க, இந்தப் பக்கம் ஆட்சேபணைக்காரங்க. ஸ்ரீரங்கத்துலேருந்து வந்திருந்தவரு ஒரு ரிட்டயர்டு வக்கீல். திருமண், பஞ்சகச்சம், தோள்ல ஒரு வெள்ளைத் துண்டு. என் பாராவை அவரு வாங்கிப் படிச்சாரு. படிச்சுட்டு என்னைப் பாத்தாரு.

"பெருமாள் திருமஞ்சனத்துக்குக் கொள்ளிடத் தீர்த்தம்னு எழுதியிருக்கேள். சரி. எல்லா மாசமுமா?"

ஆமாங்க, நானே பாத்தேன்னேன்.

"ஐப்பசியிலே பாத்தேளோ?"

எனக்கு ஐப்பசின்னா தீபாவளி. புதுச் சட்டை, வெடி, எண்ணெய்க் குளியல். அம்மா மண்டபப் படித்துறையில அந்த மாசம் கூட்டம் கூட்டமா குளிப்பாங்கன்னு தெரியும். ஆனா அந்த ஒரு மாசம் மட்டும் கோயில் தீர்த்தமும் கொள்ளிடத்தை விட்டுட்டுக் காவேரிக்கு வரும், தங்கக் குடத்துல, யானை மேல, அதுவும் அம்மா மண்டபத்துலேருந்து போகும்னு அவரு சொல்லித்தான் தெரியும். எங்க துறை அம்மா மண்டபத்துக்கு மேல இருக்கு. எங்க கருப்புத் தண்ணி நேரா அங்கதான் போய்ச் சேரும். வருஷத்துல பதினோரு மாசம் சரியா இருந்த என் பாரா மிச்சம் ஒரு மாசத்துல கவுந்துபோச்சு.

அதிகாரி நல்ல மனுஷன். தள்ளுபடி பண்ணல. திட்டத்தை மாத்திக்கிட்டு வாங்க, ஆடி பொறந்ததும் எடத்துக்கே வந்து பாக்கறேன், அப்ப முடிவுன்னுட்டாரு.

மொதலாளி டிப்போவுக்கு வந்து உக்காந்ததும், விட்டுடலாம் தம்பி, அந்த நெலத்தை ஒருத்தரு அரிசி மில்லுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துடறேன்னாரு. அவங்க மனசு நோகற எடத்துல தொழில் பண்ணா பரக்கத் இருக்காது, தொழில் வெளங்காதுன்னாரு. நியாயமான பேச்சு. எனக்குத்தான் உள்ள ஏறல. ஆடி வரைக்கும் வாயைத் தெறக்காதீங்க மொதலாளி, மில்லுக்காரரு ஓடியா போயிடுவாருன்னேன். இன்னொருத்தரா இருந்தா என்னை அன்னைக்கே வெளியில அனுப்பியிருப்பாரு.

வீட்ல அப்பாவுக்குச் சேதி எப்படியோ போயிடுச்சு. சாப்பிடும்போது ரசத்தை ஊத்திக்கிட்டே, ஆபீஸுக்குப் போட்டுக்கிட்டுப் போக ரெண்டு வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்திருக்கேன்னாரு. அக்கா, கரி படாம போட்டுக்கோடான்னா. நான் கையைக் கழுவிட்டு உக்காந்து முதல் பக்கத்துலேருந்து திட்டத்தை மறுபடி எழுத ஆரம்பிச்சேன்.

பழைய திட்டத்துல ஆத்துக்கு ஒரு வாய்க்கால் போட்டிருந்தேன். மொதல்ல அதை அடிச்சேன். தண்ணி வெளியிலயே போகக் கூடாது. ரெண்டு தொட்டி, ஒண்ணுல கழுவினா கருப்புத் தண்ணி இன்னொண்ணுக்கு வழியும். அங்க அசையாம நின்னா அடியில கருப்பு வண்டல் படியும், மேல தெளியும். தெளிஞ்சதை ஏத்தம் போட்டு எறைச்சு மறுபடி கழுவ எடுத்துக்கலாம். அடியில நிக்கற வண்டல் என்ன, அதுவும் பொடிக் கரிதானே, அதையும் அள்ளி உருண்டை புடிச்சா காசு. மொத திட்டத்துல நான் ஆத்துல விடறதா இருந்தது கழிவு இல்ல, சரக்கு. இதை டிப்போவுல ரெண்டு பீப்பாயை வச்சுப் பல தடவ செஞ்சு பாத்தேன். தெளிஞ்சுச்சு. கண்ணாடி மாதிரி இல்ல, ஆனா கழுவப் போதும்.

அதை எடுத்துக்கிட்டு வக்கீல் வீட்டுக்கே போனேன். உத்தர வீதியில வீடு. உள்ள கூப்பிட்டாரு, உக்காரச் சொன்னாரு, மோர் குடுக்கச் சொன்னாரு. படம் போட்டு வெளக்கினேன். கடைசி வரைக்கும் கேட்டாரு.

"தொட்டி தெறந்து இருக்குமோ மூடி இருக்குமோ?"

தெறந்துதான்னேன்.

"ஐப்பசியிலே வானம் பொத்துண்டு ஊத்தும். உம்ம தொட்டி ரொம்பி வழிஞ்சா எங்கே போகும்?"

ஆத்துக்கு. மோரைக் குடிச்சுட்டு வெளியில வந்தேன். பாலத்துல சைக்கிள நிறுத்தி, கீழ காவேரியில புதுத் தண்ணி செம்மண் நெறத்துல ஓடுறதப் பாத்துக்கிட்டு நின்னேன். தொட்டிக்குக் கூரை போடலாமா? காத்துல பிச்சுக்கிட்டுப் போயிடும். தொட்டியைப் பெருசாக்கலாமா? எவ்வளவு பெருசாக்குறது? ஐப்பசி மழையில துணியே காயாது, இதுல நான் மணல் திட்டுல உருண்டையை எங்க போய்க் காயவைப்பேன்னு அப்பதான் ஒறைச்சுச்சு. காயலன்னா உருண்டை இல்ல. உருண்டை இல்லன்னா எதுக்குக் கழுவணும்? எதுக்குத் தொட்டியில தண்ணி வைக்கணும்?

சைக்கிள மிதிச்ச மிதியில டிப்போ வாசல்ல வந்துதான் பிரேக் புடிச்சேன். மொதலாளிகிட்ட சொன்னேன். ஐப்பசி மொத்தமும் ஆலையை மூடிடுவோம். புரட்டாசி கடைசியில தொட்டியைக் காலி பண்ணி, வண்டலை ஒட்டச் சொரண்டிக் கழுவிக் காயவச்சிடுவோம். மழை பேஞ்சு வழிஞ்சாலும் வெறும் மழைத்தண்ணிதான் வழியும். ஐப்பசியில சரக்குப் படகும் துறையை விட்டு நகராது. நமக்கு ஒரு பைசா நஷ்டமில்ல, அந்த மாசம் நாம எப்படியும் சும்மாதான் ஒக்காந்திருப்போம்.

அவரு யோசிச்சுட்டு, நம்ம டிப்போவுலயே ஐப்பசியில கரி ஈரமாத்தான் கெடக்கும்னாரு. முகம் தெளிஞ்சுடுச்சு.

அப்புறம் நான் கொஞ்சம் ஓவராப் போனேன். இதை அவங்ககிட்ட சும்மா குடுத்துடக் கூடாது மொதலாளி, உங்களுக்காக ஒரு மாசத் தொழிலையே விட்டுக் குடுக்கறோம்னு சொல்லுவோம், கண்ணுல தண்ணி வந்துடும், ஒடனே கையெழுத்துன்னேன்.

"அப்படி விக்காதே. நமக்கும் அது வேலையில்லாத மாசம்னு நேராச் சொல்லு."

அப்படிச் சொன்னா மதிப்பு இருக்காதேன்னு கேட்டேன். அவரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு லாரிக்காரன் கணக்கைப் பாக்கப் போயிட்டாரு. எனக்கு ராத்திரி முழுக்க அது பெரிய வேஸ்டாத்தான் பட்டுச்சு. கையில இருக்கற நல்ல சீட்டை நானே கீழ போட்டுக் காட்டணுமா?

ஆடி பொறந்துச்சு. அதிகாரி துறைக்கு வந்தாரு. ஆத்துல தண்ணி படியை முட்டிக்கிட்டு ஓடுச்சு. வக்கீல் ஸ்ரீரங்கத்துலேருந்து இன்னும் சில பேரோட வந்திருந்தாரு. மருத மரத்தடியில மொதலாளி நாற்காலி போட்டிருந்தாரு, யாரும் உக்காரல. பரிசல்காரங்க வேடிக்கை பாக்க வரிசையா நின்னாங்க. நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு அண்டாவை வச்சு, தூளைக் கொட்டி, அக்கா மாதிரியே ஆட்டி ஆட்டி அரிச்சேன். பரிசல்காரர் ஒருத்தரு, தம்பி ஒலை கொதிச்சிடுச்சு சீக்கிரம் போடுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, அதிகாரியும். கரி ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கம். கருப்புத் தண்ணியைப் பீப்பாயில ஊத்திட்டு, முந்தின நாளே ஊத்தித் தெளிய வச்சிருந்த இன்னொரு பீப்பாயைத் தெறந்து காட்டினேன். வண்டலை அள்ளிக் கஞ்சி விட்டு ஒரு உருண்டை புடிச்சு அதிகாரி கையில குடுக்கப் போனேன். அவரு கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு.

வக்கீல் அதே கேள்வியைக் கேட்டாரு. ஐப்பசியிலேன்னாரு.

ஆலை ஓடாதுன்னேன். தொட்டி காலியா, சுத்தமா கெடக்கும், படகு நகராது, இதைத் திட்டத்துலயே டைப் அடிச்சிருக்கேன், பாருங்கன்னேன். அவரு கூட வந்தவங்களுக்குள்ள ஒரு முணுமுணுப்பு. ஒரு பெரியவரு, எங்களுக்காகவா ஒரு மாசம் மூடறேள்னு கேட்டாரு. அந்த எடத்துல நான் ஆமான்னு மட்டும் சொல்லியிருந்தாப் போதும். வாய் வரைக்கும் வந்துடுச்சு. மொதலாளி என்னைப் பாக்கல, ஆத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அவரு பாத்திருந்தா ஒருவேளை நான் ஆமான்னு சொல்லியிருப்பேன்.

"இல்லங்க. அந்த மழையில எங்களுக்கு உருண்டை காயாது. ஓட்டினாத்தான் நஷ்டம்."

வக்கீல் துண்டை எடுத்து மறு தோள்ல போட்டுக்கிட்டாரு. அதிகாரிகிட்ட திரும்பிச் சொன்னாரு. "பக்தியிலே மூடறேன்னு சொல்லியிருந்தான்னா நான் ஒத்துண்டிருக்க மாட்டேன். அடுத்த வருஷமே பக்தி கொறைஞ்சுடும். மழை கொறையாது. எழுதிக்கோங்கோ, ஆட்சேபணை இல்லே, ஐப்பசி முழுக்க மூடணுங்கற கண்டிஷனோட."

அதிகாரி அங்கேயே எழுதினாரு. மொதலாளி வக்கீலுக்குக் கை கூப்பினாரு, வக்கீலும் கூப்பினாரு. நான் கரிக் கையோட கூப்பவும் முடியாம தொங்கவிடவும் முடியாம நின்னேன். அப்பதான் பாத்தேன், பரிசல்காரங்களுக்குப் பின்னால ஒரு கருப்புக் குடை. எங்கப்பா. லீவு போட மாட்டாரு மனுஷன், ஜொரம்னாலும் ஆபீஸுக்குப் போவாரு. எப்ப வந்தாரு, எவ்வளவு நேரம் நின்னாருன்னு தெரியல. நான் அண்டாவை எறக்கி வச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள மேட்டுல ஏறிப் போயிட்டாரு.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு எல்லாரும் சித்ரான்னம் கட்டிக்கிட்டு ஆத்துக்குப் போனோம். அக்கா இலையைப் போட்டுப் புளியோதரையைப் பரிமாறினா. என் இலையில வைக்கறப்ப, நல்லா அரிச்ச அரிசிடா, பயப்படாம சாப்பிடுன்னா. அப்பா பாதி சாப்பாட்டுல ஆத்தைப் பாத்தபடியே சொன்னாரு.

"அந்த வேலைக்கு வேற பையனைப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

சட்டைன்னேன், தைக்கக் குடுத்தது?

"தச்சு வந்தாச்சு. போட்டுக்கோ. மொதலாளிகூட நாலு ஆபீஸுக்கு நீதானே போகணும்."

மறுநாள் காலையில கயிறும் முளைக்குச்சியும் ஒரு சட்டி சுண்ணாம்பும் எடுத்துக்கிட்டுத் துறைக்குப் போனேன். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான். மொதலாளி எனக்கு முன்னாடியே வந்து மருத மரத்தடியில நின்னுக்கிட்டிருந்தாரு. கயித்தோட ஒரு முனையை அவரு புடிச்சாரு, இன்னொரு முனையை நான் புடிச்சேன். மொத தொட்டிக்குக் கோடு போட்டு முடிக்கறதுக்குள்ள சட்டை காலி.